வெர்னா டாக்கெட் சொன்ன பதில்

என் பெயர் ஆல்டன் புரூயிட். வயது எழுபத்தெட்டு. கென்டக்கி மாநிலம், ஹார்லோ கிரீக், ஆலைச் சாலையில் தனியே வசிக்கிறேன். உயர்நிலைப் பள்ளியில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவன். வெர்னா டாக்கெட் அம்மையார் நூலக அரங்கின் திரையைக் கிழித்த வழக்கில் நான் அறிந்ததைச் சொல்கிறேன். வரிசை தவறிவிடுமோ என்ற பயத்தில் முதலில் சுருக்கம்:

1. படக்குழு எங்கள் சபைக்கு வந்தது.
2. வெர்னா அம்மையார் பதில் சொன்னது.
3. பிறகு நிலவிய மௌனத்தில் நாங்கள் அனைவரும் ஜெபித்துக்கொண்டிருந்தது.
4. திரை கிழிந்தது.

சென்ற வசந்தத்தில் டிரெவர் கேஸ் என்ற நகைச்சுவையாளர், மதங்களைக் கேள்வி கேட்கும் ஆவணப்படம் ஒன்றுக்காகக் குழுவோடு வந்தார். ஞாயிறு ஆராதனைக்குப் பின் எங்களுடன் சோள ரொட்டியும் பீன்ஸும் சாப்பிட்டார். கேலி செய்யத்தான் வந்திருக்கிறேன் என்று அவரே சொன்னார். ஆகவே ஏமாற்றினார் என்று சொல்ல மாட்டேன். அதன் பிறகு வெர்னா அம்மையாரிடம், சுரங்கக் கூரை சரிந்து இரண்டு நாள் உள்ளே சிக்கி இறந்த அவர் மகன் வேட் பற்றிக் கேட்டார். வேட் என்னிடம் படித்தவன்.

"ரெண்டு நாள் ஊரே முழங்கால் போட்டுக் கேட்டீங்களே, மேல இருந்து என்ன பதில் வந்துச்சும்மா?"

"ஒண்ணும் வரல, தம்பி. எங்க வீட்டுக்காரரும் நாப்பது வருஷம் சாப்பாட்டு மேசையில வாயத் தெறந்ததில்ல. அதுக்காக நான் தட்டு வைக்காம இருந்தேனா?"

எல்லோரும் சிரித்தோம். கேஸும் சிரித்து, "என் பொழப்புல மண்ணப் போட்டுட்டீங்களே" என்றார்.

அதன் பிறகு ஒலிப்பதிவு செய்பவர், அறையின் வெற்று ஒலி தமக்கு வேண்டும், வெட்டி ஒட்டும் இடங்களை அதைக்கொண்டுதான் நிரப்புவோம், ஆகவே ஒரு நிமிடம் யாரும் பேசவோ அசையவோ கூடாது என்று கேட்டுக்கொண்டார். எங்கள் சபையில் அமைதி என்று யார் சொன்னாலும் கை தானாகக் கூப்பிக்கொள்ளும், தலைகள் குனிந்தன. போதும் என்று அவர் சொன்னதும் பின்வரிசையிலிருந்து "ஆமென்" என்று குரல் வந்தது. குழுவினர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தனர். கேமரா ஓடிக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை.

சென்ற வெள்ளிக்கிழமை நூலகத்தில் படம் காட்டினார்கள். வெர்னா அம்மையார் தம் பதில் எப்போது வரும் என்று என்னிடம் இருமுறை கேட்டார். திரையில் கேஸ் அந்தக் கேள்வியைக் கேட்டார். உடனே எங்கள் மௌனம் வந்தது. அம்மையார் சொன்ன பதிலை வெட்டிவிட்டிருந்தார்கள். ஒரு முகத்தைப் பெரிதாக நெடுநேரம் காட்டினார்கள். அரங்கில் பலர் சிரித்தனர். அதன் பிறகு அம்மையார் எழுந்தார். நான் அவர் சட்டைக் கையைப் பிடித்தேன், பிடி போதவில்லை. அவர் திரைக்குப் போய், "என் பதில எங்கடா வச்சீங்க?" என்று கேட்டு, ஊன்றுகோலின் முனையால் கிழித்தார். பின்னர் முன்வரிசையில் அமர்ந்து காவலர் வரும்வரை காத்திருந்தார்.

படம் பொய் சொன்னது, அந்த மௌனம் உண்மையில் ஜெபம், இதுவே அவரைக் காப்பாற்றும் என்று அவருடைய வழக்கறிஞர் கூறினார். ஆனால் இந்த வாக்குமூலத்தை எழுதிக்கொண்ட துணை ஷெரிப் இதை வாசித்துக் காட்டியபோது, மூன்றாவதாக நான் சொன்னது தவறு என்று தெரிந்தது. மற்றவர்கள் ஜெபித்தார்கள். நான் ஜெபிக்கவில்லை. என் கண்கள் திறந்திருந்தன. அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் உண்டா என்று தேடிக்கொண்டிருந்தேன், கிடைக்கவில்லை. திரையில் பெரிதாகத் தெரிந்த முகம் என்னுடையது. அம்மையார் கிழித்ததும் அதைத்தான்.

அந்த ஒன்று நீங்கலாக மற்றதெல்லாம் நான் கண்டதும் கேட்டதும் என ஒப்புக்கொண்டு கையெழுத்திடுகிறேன்.

ஆல்டன் புரூயிட்