பரிமாற நாற்பத்து மூன்று பேர்

தலைமை ஏற்றிருக்கும் போதகர் ஹாரிங்டன் அவர்களே, உருக்கும் உலையில் உரமேறிய பெரியோர்களே, உலை நின்ற பின்னும் அடுப்பை அணையவிடாத தாய்மார்களே, கடைசி வரிசையில் குல்லாயைக் கண்வரை இறக்கி அமர்ந்திருக்கும் என் ஆலைத் தோழர்களே, உலைத் தொழிலாளி லாயிட் பிரிச்சர்டின் வணக்கம்.

கார்வெல் நகரத்து இரும்பாலை மூடிப் பத்து வாரமாகிறது. உலை அணைந்தது, ஊர் உறைந்தது, ஒவ்வொரு வீட்டிலும் ரொட்டி குறைந்தது. ஆனால் நாம் யாரும் வாய் திறக்கவில்லை. ஏன்?

வாழ்ந்த நாளில் நாம் எதை மறைத்தோம்? தவணையில் வானொலி வாங்கினேன். தெருவே கேட்கட்டும் என்று ஜன்னலைத் திறந்துவைத்தேன். பக்கத்து வீட்டு ஸ்டெபன் ஹுடாக் தவணையில் கார் வாங்கினார். இரண்டு தெரு தள்ளியிருக்கும் இந்தத் தேவாலயத்துக்கு ஊரையே சுற்றிக்கொண்டு வந்தார். சிரிக்கிறீர்கள். முன்வரிசையில் அவரும் சிரிக்கிறார். வளம் வந்தபோது ஜன்னலைத் திறந்தோம். வறுமை வந்தபோது திரையை இழுத்துவிட்டோம்.

ஆலை முழுவதும் மூடுவதற்கு முன்பே என் பிரிவை நிறுத்தினார்கள். என் மனைவி டெல்லாவிடம் நான் சொல்லவில்லை. தினமும் காலையில் சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு ரயில் நிலையத்தில் போய் உட்கார்ந்தேன். ஒருநாள் அங்கே ஹுடாக், கையில் டப்பாவோடு.

"என்ன பிரிச்சர்டு, இங்க உக்காந்திருக்க?"

"மச்சான் ரயில்ல வரான். நீ?"

"எனக்கும் ஒருத்தர் வரணும்."

நான்கு நாள் ரயில் வந்தது. எங்களுக்கு யாரும் வரவில்லை.

அந்த வாரம் டெல்லா சொன்னாள்: "மூணு வாரமா உன் சட்டையில கரியே இல்ல, லாயிட். துவைக்கிறவளுக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சும் ஏன் கேக்கல?"

"கேட்டா உடைஞ்சு போயிடுவியோன்னு பயந்தேன்."

என் பொய்யை அவள் எனக்காகச் சுமந்திருக்கிறாள். அன்று நான் அழுதேன்.

பிறகு இந்தத் தேவாலயத்தின் அடித்தளத்தில் சமையல் கூடம் திறந்தோம். பண்ணைக்காரர்கள் முட்டைக்கோசும் பீன்சும் இலவசமாக இறக்கினார்கள். இதோ, இந்த மேடைச் சுவரில் இரண்டு தாள் ஒட்டினோம். பரிமாறுவோர் ஒரு தாளில், சாப்பிடுவோர் மறுதாளில் பெயர் எழுத வேண்டும். பரிமாற நாற்பத்து மூன்று பேர். சாப்பிட? ஒருவருமில்லை. போன செவ்வாயன்று வைத்த சூப் முழுவதும் கிரம் அம்மையாரின் பன்றிகளுக்குப் போயிற்று. பன்றிகள் கௌரவம் பார்க்கவில்லை, தோழர்களே.

அதே செவ்வாயன்று, யாரும் வராத மேசைக்குப் பின்னால், கரண்டியைப் பிடித்தபடியே சரிந்து விழுந்தார் நம் ஹுடாக். இரண்டு நாளாக அவர் எதுவுமே சாப்பிடவில்லை என்றார் மருத்துவர். இதை மேடையில் சொல்லலாமா என்று அவரிடமே கேட்டேன். "சொல்லு. கார் கதையையும் சேத்துச் சொல்லு" என்றார்.

நாளை மறுநாள் பண்ணைக்காரர்கள் வருவார்கள். சாப்பிடுவோர் தாள் வெறுமையாகவே இருந்தால் வண்டி வேறு ஊருக்குப் போய்விடும். அவர்கள்மீது தவறில்லை, பன்றிக்குப் போடவா அவர்கள் பயிரிட்டார்கள்?

பசித்த வயிற்றோடு பரிமாறுவது பண்பா? பிள்ளை முகம் வாட, நம் முகம் காப்பது பெருமையா? நாம் சோம்பியதாலா உலை அணைந்தது? கொடுக்கக் கை நீட்டத் தெரிந்த நமக்கு, வாங்கக் கை நீட்டத் தெரியவில்லையே.

பின்னாலிருந்து ஒருவர் கேட்கிறார்: "வாய் கிழியப் பேசுற, பிரிச்சர்டு. உன் பேரு எந்தத் தாள்ல?"

நியாயமான கேள்வி. பரிமாறும் தாளில் முதல் பெயரே என்னுடையதுதான். அதை எழுதிய காலையில் நான் குடித்திருந்தது வெறும் வெந்நீர்.

டெல்லா, அந்தப் பென்சிலைக் கொடு. இதோ, பரிமாறும் தாளில் என் பெயரை அடித்துவிடுகிறேன். சாப்பிடும் தாளில் எழுதுகிறேன்: லாயிட் பிரிச்சர்டு, மனைவி, பிள்ளைகள் மூவர். எல்லோரும் பார்க்கட்டும், மறைக்கப் போவதில்லை.

ஹுடாக் எழுந்து வருகிறார், வழிவிடுங்கள். இம்முறை நேர்வழியாகவே வருகிறார். குல்லாய்க்காரர்களே, பென்சில் ஒன்றுதான் இருக்கிறது, வரிசையில் வாருங்கள்.

செவிகொடுத்த சபையோருக்கும், நான் சொல்லும் முன்பே என் உண்மையை அறிந்தும் என்னைக் கைவிடாத ஒருத்திக்கும் என் நன்றி. வரும் செவ்வாயன்று மேசையில் உட்காரும் பக்கத்தில் உங்களைப் பார்க்கிறேன். வணக்கம்.