சத்தம் போடாத விளையாட்டு

புது ஆள் வரப்போகிறாள் என்பதைச் சின்னப் பிள்ளைகளிடம் முந்தின நாள் சாயங்காலம் சொல்லக் கூடாது, ஐயா. ஒரு வாரம் முன்னாலேயே சொல்லி, கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்க வேண்டும். பதினெட்டு வருடமாகப் பிள்ளை பார்க்கும் வேலையில் இருக்கிறேன். அந்த அளவுக்காவது எனக்குத் தெரியும்.

கடைசியாக இருந்த வீட்டில் நான்கு வருடம். அம்மா பல் டாக்டர். அப்பாவுக்குக் கப்பலில் வேலை, வருடத்தில் இரண்டு மாதம் கண்ணில் படுவார். பெரியவளுக்கு ஐந்து வயது. வாய் ஓயவே ஓயாது, அதனால் வாயாடி. சின்னவனுக்கு ஒன்றரை. அவன் உருண்டை. டாக்டரம்மா என்னை அக்கா என்பார், அதனால் பிள்ளைகளுக்கு நான் பெரியம்மா. வேலைக்கு வந்தவளைப் பெரியம்மா என்று கூப்பிட எத்தனை வீட்டில் விடுவார்கள்? நல்ல மனுஷி. இப்போதும் அதைத்தான் சொல்வேன்.

உருண்டை முதன்முதலில் 'அம்மா' என்று சொன்னது என்னைப் பார்த்து. நான் சொல்லிக்கொடுக்கவில்லை, அவனாகச் சொன்னான். அப்போதுதான் கிளினிக்கிலிருந்து வந்த டாக்டரம்மா, ஒரு செருப்பைக் கழற்றிவிட்டு மற்றதைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார். பிறகு சிரித்தார். பத்து நாள் கழித்துச் சமையலறையில் வைத்துச் சொன்னார்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. வேற ஒரு பொண்ணப் பார்த்திருக்கேன். அடுத்த திங்கக்கிழமை வர்றா. நீங்கதான் பிள்ளைங்களக் கொஞ்சம் தயார் பண்ணணும். நீங்க சொன்னா கேப்பாங்க."

"அதுக்கென்னம்மா, நான் பார்த்துக்கறேன்" என்றேன். பால் பொங்கி வந்தது. அடுப்பை அணைத்தேன்.

மறுநாள், பள்ளி விடுமுறையில் வீட்டிலிருந்த வாயாடிக்குத் தலை வாரிவிடும்போது சொன்னேன். அவள் திரும்பிப் பார்த்தாள்.

"அப்ப நீ எங்க போவ?"

"என் வீட்டுக்கு."

"நாங்களும் வரலாமா?"

சீப்பைக் கீழே வைத்தேன். எனக்குத் தெரிந்தது விளையாட்டுதான்.

"புது அக்கா வந்ததும் நீயும் தம்பியும் ஒளிஞ்சுக்கணும். யார் கூப்பிட்டாலும் சத்தம் போடக் கூடாது. பெரியம்மா வந்து கண்டுபிடிச்சா நீதான் ஜெயிச்ச."

"அம்மா கூப்பிட்டா?"

"அம்மா கூப்பிட்டாலும்தான்."

பின்னறையில் போர்வை வைக்கும் பெரிய மரப்பெட்டி இருந்தது. போர்வைகளை அலமாரிக்கு மாற்றிவிட்டு, நான்கு நாள் பழக்கினேன். உருண்டை பால் குடித்துக் கண் சொருகும் நேரம்தான் அதற்குச் சரி. பாட்டிலோடு அவனை அவள் மடியில் படுக்க வைப்பேன். கடைசி நாள் அவளே அவனை உள்ளே இறக்கி, மடியில் போட்டு, மூடியை இழுத்துக்கொண்டாள். மூடி முழுக்கச் சாத்தாமலிருக்க ஒவ்வொரு தடவையும் ஒரு துண்டை மடித்து இடுக்கில் வைப்பேன். முழுக்கச் சாத்தினால் வெளிப்பக்கக் கொக்கி தானாக விழுந்துவிடும். துண்டை நான்தான் வைத்தேன். அவளுக்கு அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. மறந்துவிட்டேன் என்று முதலில் உங்களிடம் சொன்னேன். மறக்கவில்லை. சொல்ல வாயெடுத்தேன், கொக்கி விழுந்தால் அவர்களாக வெளியே வந்துவிட மாட்டார்கள் என்று தோன்றியது. சொல்லவில்லை.

ஒரு மணி நேரம் புதியவள் பதறட்டும் என்று நினைத்தேன். அதற்குள் என்னைக் கூப்பிடுவார்கள். அவ்வளவுதான் என் கணக்கு.

திங்கட்கிழமை காலையிலேயே குளித்து, நல்ல சேலை கட்டி, போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பத்தே காலுக்கு அடித்தது.

"அக்கா, பிள்ளைங்களக் காணோம்." டாக்டரம்மாவின் குரல் கிழிந்து வந்தது. "அந்தப் பொண்ணு பாட்டில் கழுவப் போயிருக்கா, அதுக்குள்ள காணோம்கறா. எங்க ஒளிவாங்கன்னு உங்களுக்கு ஏதாச்சும் தெரியுமாக்கா?"

"தெரியலையேம்மா. பதறாதீங்க, நான் வர்றேன்."

பெட்டி என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்ல எவ்வளவு நேரமாகும் என்று நேற்று கேட்டீர்கள். நேரமே ஆகாது. ஆனால் சொல்லியிருந்தால் புதியவள் போய்த் திறந்திருப்பாள். பிள்ளைகளைக் கண்டுபிடித்தவள் அவள் என்று ஆகியிருக்கும்.

டாக்சியில் போயிருக்கலாம். வழக்கம்போல இரண்டு பஸ் மாறித்தான் போனேன். வழியில் டாக்டரம்மா மூன்று தடவை கூப்பிட்டார். மூன்று தடவையும் "வந்துட்டே இருக்கேம்மா" என்றேன். ஐம்பத்தைந்து நிமிடம் ஆனது.

வாசலில் தெருவே கூடியிருந்தது. புதியவள் மாடிப்படியில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். இருபத்திரண்டு வயதிருக்கும். பார்க்கப் பாவமாக இருந்தது. கிணறு, மொட்டைமாடி, பக்கத்து வீடு என்று எல்லா இடமும் தேடியிருந்தார்கள். வெளியே கொக்கி விழுந்த பெட்டிக்குள் பிள்ளை இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்? நான் நேராகப் பின்னறைக்குப் போய்க் கொக்கியை எடுத்தேன்.

உள்ளிருந்து அனல் வந்தது. உருண்டை அவள் மடியில் தூங்குவதுபோலக் கிடந்தான். தூக்கினேன். தூங்கும்போது அவன் என்ன கனம் இருப்பான் என்று என் தோளுக்குத் தெரியும், ஐயா. அது இந்தக் கனமில்லை.

வாயாடிக்கு மூச்சு இருந்தது. தலைமுடி நனைந்து நெற்றியில் ஒட்டியிருந்தது. உதடு நீலம். கண்ணைத் திறந்து என்னைத்தான் பார்த்தாள்.

"தம்பிகூட அழவே இல்ல பெரியம்மா" என்றாள்.

அன்றிலிருந்து எனக்குப் பால் வாசனை ஆவதில்லை. தூக்கம் வந்தாலும் தோள் விழித்துக்கொண்டே இருக்கிறது. அது என் பாடு, அதை நீங்கள் எழுத வேண்டாம்.

கொலை என்கிறீர்கள். சரி. நான்தான் செய்தேன். எங்கே இருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டே பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். எங்கே கையெழுத்து வேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன். ஒன்று மட்டும் விட்டுப்போகக் கூடாது. டாக்டரம்மா ஓடிவந்து இரண்டு கையையும் நீட்டினார். பிள்ளை அவரிடம் போகவில்லை. என் கழுத்தைத்தான் கட்டிக்கொண்டாள். அதை எழுதிக்கொண்டீர்களா?