பைபாஸும் கேப்பைக் கதிரும்

திண்டிவனத்தில் பஸ் ஏறியதும், யாருக்கும் இடம் தர வேண்டாமே என்று தூங்குவதுபோல் நடித்தேன். காது மட்டும் விழித்திருந்தது. பக்கத்தில் நின்ற அம்மாள் கண்டக்டரிடம் சொன்னாள்:

"விழுப்புரத்துல பைபாஸ் தொறந்ததுலேந்து எங்க கேப்பைய மிதிக்க ஒரு பஸ்ஸும் வர்றதில்லீங்க."

"பஸ்ஸு இன்னா, உன் வூட்டு மாடா?"

"மாட்ட வித்தாச்சு. சக்கரம் ஏறினாத்தானே மணி உதிரும்? ஊருக்குள்ள போற பழைய ரோட்ல கதிரப் பரப்பிட்டு வந்துக்கிறேன். வானம் வேற கறுத்துக்கினு வருது. நனைஞ்சா அத்தனையும் முளைச்சிடும்."

"பைபாஸ்லயே கொட்டேன்!"

"அங்க லாரி போற வேகத்துல கதிரும் பறந்துடும், நானும் பறந்துடுவேன்."

பைபாஸ் பிரியும் இடம் வந்ததும் டிரைவர் பஸ்ஸைப் பழைய ரோட்டில் திருப்பினார். கதிர்மேல் சக்கரங்கள் நறநறவென்று ஏறி நின்றன. அம்மாள் இறங்கி, ஒரு கதிரைக் கசக்கிப் பார்த்ததை அரைக்கண்ணால் கவனித்தேன்.

"பாதிதாங்க உதிர்ந்துக்குது. கொஞ்சம் ரிவர்ஸ்ல வாங்க!"

கண்டக்டர் தலையில் அடித்துக்கொண்டே விசில் ஊத, பஸ் பின்னால் நகர்ந்தது. எனக்கோ அவசரம். ஆனால் தூங்குகிறவன் எப்படிச் சண்டை போடுவது?