சாமிகளின் பாகப்பிரிவினை

— கையெழுத்து எங்கன ஓடிரப் போவுது நடராஜா? நாளைக்குக் காலேஜ்ல நான் பேசணும், கேளு. நார்வே பக்கத்துப் பழைய சாமியள்ல அண்ணன் தம்பி மூணு பேரு. ஆதி ராட்சசனைக் கொன்னாங்க...

— எக்கா, பத்திர ஆபீஸ்ல நாளைக்குப் பத்தரைக்கு டோக்கன் போட்டிருக்கேன், பாத்துக்கோ.

— பைய வாலே. கொன்னு, ரத்தத்தைக் கடலாக்கினாங்க, எலும்பை மலையாக்கினாங்க. மண்டையோட்டைக் கவுத்தி வானம்னுட்டாங்க.

— சைவ வீட்டுல உக்காந்து பேசுத பேச்சா இது?

— ஏன் அப்படின்னு கேளு. அங்கன பாதி வருசம் பனி. தோலு, கொழுப்பு, எலும்பு, எதை வீணாக்கினாலும் செத்தான். அதான் அவன் உலகமே ஒரு சவத்தை மிச்சமில்லாமப் பங்கு வச்சதுல இருந்து ஆரம்பிக்கு.

— நல்ல கட்டுசெட்டான குடும்பம்.

— கிரேக்கத்துக்காரனுக்கு அந்தக் கவலை இல்ல. வெயிலு, திராட்சை, ஊருக்கு ஊரு யாரு பெரியவன்ங்கிற சண்டை. சாமியும் அப்படியே. தன் இடத்தைப் பிடிச்சிருவாங்களோன்னு பெத்த பிள்ளையளையே முழுங்குதான் அப்பன். கடைசி மவன் ஜீயஸ் வந்து கக்க வைக்கான்.

— நம்ம அப்பாவா அப்படி? ஒன்னைய எம்.ஏ. படிக்க வச்சார்லா. அவரு போயி இன்னும் வருசங்கூட ஆவல, அதுக்குள்ள...

— அதுக்குள்ள நீ பத்திரத்தோட வந்துட்ட. மீதியைக் கேளு. அப்பனை இறக்கினதும் ஆம்பளப் பிள்ளைய மூணும் சீட்டுக் குலுக்குச்சு. ஒருத்தனுக்கு வானம், ஒருத்தனுக்குக் கடல், ஒருத்தனுக்குப் பாதாளம்.

— முறையாத்தானே செஞ்சிருக்காங்க.

— அக்கா தங்கச்சி மூணு பேரு உண்டுலே. மூத்தவளுக்கு என்ன கெடச்சுது தெரியுமா? அடுப்பு.

— குத்திக்காட்டுதியோ?

— நான் எங்கன குத்துதேன்? பனி நாட்டு ராட்சசனுக்கும் ஒரு பொம்பளப் பிள்ளை. அக்குள் வேர்வையில பொறந்தவ. பங்குல அவ பேச்சே இல்ல. ரெண்டு ஊருக்கும் சோறும் வேற, சாமியும் வேற, இதுல மட்டும் ஒரே புத்தி. ஆனாலும் நம்ம நாகரிகம் ஒசத்தி. பட்டுச்சேலையோட வந்து விடுதலைப் பத்திரம் நீட்ட அவனுவளுக்குத் தெரியல பாரு.

— ஊரு வழக்கம்தானே எக்கா! பொறந்த வீட்டுப் பங்கை விட்டுக்குடுக்குத அக்காளுக்குச் சேலை எடுக்காதவன் உண்டா? நல்ல அரக்குக் கலரு, பாத்துக்கோ.

— பத்திரத்தை வாசி.

— 'சித்ரலேகா ஆகிய நான், யாருடைய தூண்டுதலும் இன்றி, மனப்பூர்வமாக, எனது பாத்தியதையை என் சகோதரர்கள் இருவருக்கும்...'

— என் மனசை நீ எப்பம்லே வந்து பாத்த?

— அம்மாவே சொல்லித்தான் அனுப்பினா. 'போய்ட்டு வா, அவ என்ன செய்யணுமோ செய்வா'ன்னு. ஒனக்கென்னக்கா, பாளையங்கோட்டையில சொந்த வீடு.

— ஒங்க அத்தான் வீடு. கோவம் வந்தா அவரு அப்படித்தான் சொல்லுதாரு, 'எறங்கு என் வீட்டை விட்டு'ன்னு. எறங்கி எங்க போவேன்? அப்பா வீட்டு மாடி ரூம் ஒண்ணு எம்பேர்ல இருந்தா, இத்தனை வருசம் வாயை மூடிட்டு இருந்திருப்பேனா?

— சரி சரி, அழாத. இந்தா பேனா.

— வேண்டாம். 'ஒனக்கு என்ன வேணும்க்கா'ன்னு ஒரு தடவை கேப்பியான்னுதான் இவ்வளவு நேரம் கதை சொன்னேன். பங்கு கேட்டு வழக்குப் போட, காலையிலயே வக்கீல்ட்ட கையெழுத்துப் போட்டுட்டு வந்துட்டேன்.

— கோர்ட்டுக்கா? கூடப்பொறந்தவங்க மேலயா? இது தெரிஞ்சா அம்மா ஒன் மூஞ்சியில முழிப்பாளா?

— நான் ரெண்டாவது வாதிலே. முதல் வாதி அம்மா.