தொட்டிலில் வளர்ந்த செடிகள்

காக்ஸ் டவுனிலிருந்து சிவாஜிநகர் போகிற பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். இளையவள் திடீரென்று கேட்டாள்.

“அண்ணி, உங்க பால்கனியில அந்த மரத்தொட்டில்ல இருக்கிற செடியெல்லாம் எடுத்துடலாமா?”

“எதுக்குடி? பழைய பெயின்ட்ட நானே சுரண்டி, வார்னிஷ் அடிச்சு, அடியில தகரம் வெச்சு, ரெண்டு மாசம் வேல பண்ணியிருக்கேன். வீட்டுக்கு வர்றவங்க எல்லாம் போட்டோ எடுத்துட்டுப் போறாங்க.”

“நல்லாத்தான் இருக்கு.”

“நீதானே குடுத்த? எட்டு வருஷமா கட்டிலுக்கடியில சும்மா கெடக்குது, ஏதாவது பண்ணிக்கோங்கன்னு.”

“ஆமா, நான்தான் குடுத்தேன்.”

“பின்ன என்ன?”

பஸ் சிக்னலில் நின்றது.

“நேத்து ஸ்கேன் எடுத்தோம் அண்ணி.”

அண்ணி முழுசாகத் திரும்பி அவளைப் பார்த்தாள்.

“எத்தன மாசம்?”

“மூணு. டாக்டர் எல்லாம் நல்லா இருக்குன்னு சொன்னாங்க. இன்னும் யார்கிட்டயும் சொல்லல.”

அண்ணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ரொம்ப நேரம் விடவில்லை.

“தகரத்த ஆணியடிச்சு வெச்சிருக்கேன்டி. எடுத்தா ஓட்டை தெரியும்.”

“தெரியட்டும் அண்ணி.”

அண்ணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, போனை எடுத்து வீட்டுக்கு அடித்தாள்.

“என்னங்க, பால்கனி செடிக்கு இன்னிக்குத் தண்ணி ஊத்தாதீங்க. ஒண்ணுமில்ல, தொட்டில் மரம் நனையுது.”