கறி, டீ, பீடி

தவக்காலத்து வெள்ளிக்கிழமை. எண்ணூரிலிருந்து ராயபுரம் மாதா கோயிலுக்குப் போகும் இரண்டு நண்பர்கள் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இருந்தார்கள்.

“நாப்பது நாளும் கறியை வுட்டுட்டேன் மாமு,” என்றார் ஜன்னலோரத்துக்காரர்.

“உன் வூட்ல தெனம் மீன்தான. அதுல இன்னா ஒறுத்தல்?”

“ஆண்டவரும் ஒத்துக்கல. ஜெபத்துல குந்தினா, சண்ட போட்டுகினு கீறியே, உங்க அண்ணனாண்ட போய் பேசுன்றாரு.”

“பேசினியா?”

“டீயை வுட்டேன்.”

“அதுக்கு?”

“அதேதான் சொன்னாரு. பீடியையும் வுட்டேன். இன்னும் அண்ணனையே சொல்லிகினு கீறாரு.”

திருவொற்றியூரில் பஸ் நின்றது.

“உங்க அண்ணன் வூட்டு ஸ்டாப்பிங்,” என்றார் நண்பர்.

ஜன்னலோரத்துக்காரர் எழுந்தார். அப்போதுதான் ஏறிய பெரியவரைத் தன் இடத்தில் உட்காரவைத்துவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பஸ் கிளம்பியது.

“சீட்டையும் வுட்டுட்டேன்னு சொல்லிப் பாக்குறேன்,” என்றார்.