முதலில் ஆமை

— ஆமையைச் சுத்தின வலையை முதல்ல அறுத்து விட்டா மாமா! கட்டின புருஷன் பக்கத்துலயே வலைக்குள்ள கிடக்கறேன். என்னை ஒரு பார்வை பாத்தா, ‘இரு’ன்னு கையைக் காட்டினா, நேரா ஆமைகிட்ட போயிட்டா!

— அட என்னப்பா, தண்ணியிலேருந்து ஏறினதும் ஏறாததுமா. முதல்ல அந்த சிலிண்டரைக் கழட்டு மாப்ளே. படகு ஒரு பக்கமா சாயுது.

— சாயட்டும். இன்னைக்கு என் குடும்பமே சாஞ்சுபோச்சு.

— நீங்க புலம்பி முடிச்சா நான் ஒரு வார்த்தை சொல்லலாமா?

— நீ உன் ஆமைகிட்ட போய்ச் சொல்லு.

— ஆமைக்கு முதுகுல சிலிண்டர் கிடையாதுங்க. மேல வந்துதான் மூச்சு விடணும். எவ்வளவு நேரமா மாட்டிக்கிட்டு கிடந்துச்சோ, கண்ணு சொருகிடுச்சு. உங்களுக்குக் காத்து பாதிக்கு மேல இருந்துச்சு. மீட்டர் முள்ளைப் பாத்துட்டுத்தானே போனேன்.

— கேட்டீங்களா மாமா? என் மூஞ்சியைப் பாக்கலை. முள்ளைப் பாத்திருக்கா.

— மூஞ்சி எப்பவும் போலத்தான் இருந்துச்சு.

— உங்க அக்கா பொண்ணு பேசற பேச்சைப் பாருங்க மாமா!

— நான் தூக்கி வளத்த புள்ளை. என்னை இதுல இழுக்காதே. ஏன் பாப்பா, ஆமை பொழைச்சுக்குமா?

— நீங்கதான் பாத்தீங்களே மாமா, படகுக்கு முன்னாடிதானே தலையைத் தூக்குச்சு.

— ஆமா ஆமா. ‘புஸ்’ஸுன்னு ஒரு மூச்சு விட்டுச்சு பாரு, என் வயித்துல பால் வார்த்த மாதிரி இருந்துச்சு.

— நானும்தான் மேல வந்து மூச்சு விட்டேன். யார் வயித்துலயாவது ஒரு சொட்டு தண்ணியாவது வார்த்துச்சா?

— சும்மா இருப்பா. நாம எடுக்க வந்த வலை முழுசா வந்துடுச்சா பாப்பா?

— பாதிதான் மாமா. மீதி பாறையைப் போத்திக்கிட்டு கிடக்கு. எவனோ வேண்டாம்னு அறுத்து விட்டுட்டுப் போயிட்டான். அவன் மறந்துட்டான், வலை மறக்கலை. மீனைப் புடிச்சுக்கிட்டே இருக்கு, எடுத்துத் திங்கத்தான் ஆள் இல்லை. அதுக்கு அடியில பவளமெல்லாம் சாம்பலாட்டம் ஆயிடுச்சு. நாளைக்கும் இறங்கியாகணும்.

— நீ இறங்கு. ஆமையைத் துணைக்குக் கூட்டிக்கோ. இனிமே நான் குளிக்கற வாளியைத் தாண்டி எந்தத் தண்ணியிலயும் கையை வைக்க மாட்டேன், சொல்லிட்டேன்.

— போன மாசம் ஜெல்லி மீன் பட்டப்பவும் இதையேதான் சொன்னீங்க.

— பட்ட இடத்தை ஊர் பூரா சொல்லிட்டு வந்தா மாமா இவ!

— வைத்தியம் கேக்கணும்னா இடத்தைச் சொல்ல வேண்டாமா?

— விளங்கிடும். மாப்ளே, ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காதே. இத்தனை வருஷமா முங்கற ஆளு. பாறைமேல சிவனேன்னு கிடந்த வலைக்குள்ள எப்படிப்பா போய் விழுந்தே?

— விழுந்தேன். விடுங்க.

— நான் சொல்றேன் மாமா. வாயைப் பொளந்துக்கிட்டு மீனை வேடிக்கை பாத்திருப்பாரு.

— வாயில குழாயை வெச்சுக்கிட்டு எப்படிடீ பொளக்கறது?

— அப்ப எப்படித்தான் மாட்டினீங்க? ஆமையைப் பாத்ததும் நான் நேரா கீழ போனேன். திரும்பிப் பாத்தா, தூளிக்குள்ள புள்ளை மாதிரி சுருண்டு கிடக்கீங்க. தலையிலேருந்து கால் வரைக்கும் வலை. தானா மாட்டினா அப்படிச் சுத்தாதுங்க. இழுத்துப் போத்திக்கிட்டாதான் உண்டு.

— மாமா, அந்தத் துண்டை எடுங்க. குளிருது.

— என்னப்பா இது, இவ்வளவு நேரம் படகு அதிரப் பேசினே, இப்ப துண்டு கேக்கறே?

— கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க.

— மேல பாறையில தொங்கிக்கிட்டிருந்த பாதி அவுந்துக்கிட்டு வந்துச்சுடீ. நேரா உன் தலைக்கு. நீ ஆமையைத்தான் பாத்துக்கிட்டிருந்தே.